மூட்டையை இறக்கிவைப்பது: விசுவாசம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்ற லெந்து காலத்தில், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மண்டபத்தில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாலிபர் கூட்டத்துக்கு வரும் 22 வயதுப் பையன் ஒருவன் கோப்பையோடு என்னருகே வந்து, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில், "சேர், விசுவாசத்தை எப்படிக் கூட்டுவது?" என்றான். இரத்தம் குறைவென்று வைத்தியர் சொன்னபின் எந்தக் கீரை நல்லது என்று விசாரிப்பதுபோல் இருந்தது.

கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டும் பழக்கம் அவனைப் பிடித்திருந்தது. சம்பளத்தில் பாதி அதிலே போய்க்கொண்டிருந்தது. டிசெம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் முழங்காலில் நின்று, இனித் தொடமாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தான். பதினொரு நாள் தாக்குப்பிடித்தான். பன்னிரண்டாம் நாள் ஓர் ஆட்டம் வந்தது. வாக்கும் போயிற்று, பணமும் போயிற்று. ஜெபக் கூட்டத்து நண்பன் ஒருவன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான்: "உனக்கு விசுவாசம் போதாது."

அன்று நான் கொடுத்த பதில் நன்றாக இல்லை. இரண்டு வசனம் சொல்லி, தோளில் தட்டி அனுப்பிவிட்டேன். இது அந்தப் பதிலின் திருத்திய படி.

"சுயபலத்தை நம்பாதே, விசுவாசத்தினால் ஜெயம் எடு" என்ற வாக்கியத்தை கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசை வரை எந்த ஆலயத்திலும் கேட்கலாம். கேட்பவர்கள் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, "நம்புகிறேன், நம்புகிறேன்" என்று மனத்தை முறுக்கேற்றுகிறார்கள். வேறு சிலர் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே அந்த வாக்கியத்தைத் தவறவிட்டவர்கள் என்பது என் எண்ணம். முதலாமவரின் தவறு கண்ணுக்குத் தெரியாதது, பக்தி போலவே தோன்றுவது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாட்டாமியின் தோள்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் காலை நேரம் நடந்திருக்கிறீர்களா? வெங்காயம், பருப்பு, சீனி மூட்டைகளைச் சுமந்து, "ஒதுங்குங்கள்" என்று சத்தமிட்டபடி நாட்டாமிகள் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு சில்லறைக் கடைக்காரர் 50 கிலோ மூட்டையை வாங்கி ஒரு நாட்டாமியிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும்போது அவருக்கு ஆயிரம் சந்தேகம். இவன் போட்டுவிடுவானோ, வேறு லொறியில் ஏற்றிவிடுவானோ? அடுத்த கடைக்காரருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். இரண்டு மூட்டைகளும் லொறிக்குப் போய்ச் சேர்கின்றன. முதல் கடைக்காரரின் நடுக்கத்தால் அவருடைய மூட்டை பாதி வழியில் நிற்கவில்லை. இரண்டாமவரின் தைரியம் அவருடைய மூட்டையை ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. சுமந்தது நாட்டாமியின் தோள்.

கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்று சொல்வது அந்த ஒப்படைப்பைத்தான். ஒருமுறை வரையறுத்துவிடுகிறேன்: விசுவாசம் என்பது தன் பாரத்தை இன்னொருவர்மேல், அதாவது இயேசு கிறிஸ்துவின்மேல், இறக்கிவைத்து அவரைச் சார்ந்திருப்பது. அதன் பலம் ஒப்படைப்பவரின் மனத்தில் இல்லை; வாங்கிக்கொள்பவரிடம் இருக்கிறது.

பையன் கேட்ட அதே கேள்வியை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களும் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று லூக்கா 17ஆம் அதிகாரத்தில் கேட்கிறார்கள். வர்த்திக்கப்பண்ணுதல் என்றால் பெருகச் செய்தல். இயேசு அதற்கு வழி எதுவும் சொல்லவில்லை. கடுகுவிதையளவு இருந்தாலே போதும் என்கிறார். அளவைக் கேட்டவர்களுக்கு, இருப்பதிலேயே மிகச் சிறிய அளவைக் காட்டுகிறார். மாற்கு 9இல் நோயுற்ற மகனோடு வரும் தகப்பனின் ஜெபம் இன்னும் மோசம்: விசுவாசிக்கிறேன் என்கிறான், அதே மூச்சில் என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று அழுகிறான். பாதிக்குப் பாதி சந்தேகம். மகன் குணமாகிறான்.

புறக்கோட்டையில் மூன்றாவது வகைக் கடைக்காரர் ஒருவரும் உண்டு. நாட்டாமிக்குக் கூலி பேசி முடித்த பிறகும் மூட்டையைத் தன் தலையிலிருந்து இறக்காமல், அவன் பக்கத்திலேயே நடந்து போகிறார். கேட்டால், ஆள் பிடித்துவிட்டேனே என்கிறார். எங்களில் பெரும்பாலானோர் அவர்தான்.

நம்பிக்கை என்ற சொல் செய்த குழப்பம்

குழப்பத்தில் ஒரு பங்கு தமிழுக்கும் உண்டு. "தன்னம்பிக்கை", "அந்தப் பேருந்து வரும் என்ற நம்பிக்கை", "அவர் நம்பிக்கையான ஆள்", "மூடநம்பிக்கை" எல்லாவற்றுக்கும் ஒரே வேர்ச்சொல். அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின், அதாவது கடிதத்தின், 13ஆம் அதிகாரக் கடைசி வசனத்தைப் பாருங்கள். புரட்டஸ்தாந்தர் வீட்டில் இருக்கும் பழைய வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று இருக்கும். கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கும். முதலாவது நூலில் இரண்டாம் இடத்தில் நிற்கும் நம்பிக்கை, மற்றதில் முதலாம் இடத்துக்கு வந்து வேறொரு பொருளைத் தாங்குகிறது. கொழும்பில் இரண்டு சபைகளும் கலந்த குடும்பங்கள் எத்தனையோ. மாமியார் ஒரு நம்பிக்கையைச் சொல்ல, மருமகள் இன்னொரு நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதனால்தான் பலருக்கு விசுவாசம் என்பது தன்னம்பிக்கையின் ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போலத் தெரிகிறது. "என்னால் முடியும்" என்பதோடு "ஆண்டவருக்குள்" என்று ஒட்டிவிட்டால் விசுவாசம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் விசுவாசம் என்ற பழைய சொல்லையே பயன்படுத்துவதற்கு அதுவே காரணம்.

இதுவரை சொன்னது: விசுவாசம் மனத்தின் தசை அல்ல, அதைப் பயிற்சி செய்து பருக்கவைக்க முடியாது. அது ஒப்படைப்பு. யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதே முக்கியம்.

யூபிஎஸ் கத்தும் நேரம்

அப்படியானால் மனிதபலம் பொய்யா? இல்லை. இதை 2022 மார்ச் மாதத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. மாடிவீடுகளில் மின்தூக்கி நின்றது, தண்ணீர் மோட்டர் நின்றது. சில வீடுகளில் மட்டும் கணினிக்குப் பக்கத்தில் யூபிஎஸ் இருந்தது. வெட்டு வந்தவுடன் அது "பீப்" என்று கத்தும். பத்து, பதினைந்து நிமிடம் கணினி ஓடும். அந்த மின்சாரம் உண்மையான மின்சாரந்தான். ஆனால் அந்தப் பெட்டி செய்யப்பட்டது கணினியை ஒழுங்காக அணைப்பதற்கு. ஒரு வீட்டை நடத்துவதற்கு அல்ல.

மனஉறுதி ஒரு யூபிஎஸ். அதிகாலை எழுவதற்கு, பரீட்சைக்குப் படிப்பதற்கு, பத்து நாள் இனிப்பைத் தவிர்ப்பதற்கு அது உதவும். பையனுக்குப் பதினொரு நாள் ஓடியது. சோதனை நீண்டால், அதாவது செய்யக்கூடாது என்று தெரிந்ததைச் செய்யும்படி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வரும் இழுப்பு நீண்டால், சேமிப்பு தீர்ந்துபோகும். தீர்ந்துபோனது பற்றிப் பவுலே எழுதியிருக்கிறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." ரோமர் 7ஆம் அதிகாரம். அந்த "நான்" விசுவாசத்துக்கு முந்திய பவுலா, பிந்திய பவுலா என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள். சண்டை அவர்களோடு இருக்கட்டும். அந்த வரியை வாசித்துவிட்டு இது யாரைப் பற்றியது என்று கேட்ட சாதாரண வாசகர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். மின்சாரம் ஆள் இல்லை. வயரைச் சொருகினால் வரும், பிடுங்கினால் நிற்கும். தேவனை அப்படிச் சுவிட்ச் போட்டு இயக்க நினைப்பது மந்திரம். அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. அதோடு மின்சாரத்துக்கு மாத முடிவில் பில் வரும்.

மாம்சம்: இறைச்சியைப் பற்றிய சொல் அல்ல

சுயபலத்துக்குப் பவுல் வைத்திருக்கும் சொல் மாம்சம். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ஊனியல்பு. இதைக் கேட்டவுடன் உடல் இச்சை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. இளைஞர் கூட்டங்களில் அந்த ஒரு பாடத்தையே சுற்றிச் சுற்றி நடத்துகிறோம். பவுலின் பொருள் இதைவிட அகலம்: தேவனைச் சாராமல் தன்னிடம் இருப்பதைக்கொண்டே சமாளித்துவிடப் பார்க்கும் மனித நிலை. கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகளைப் பட்டியலிடும்போது காமத்தோடு பகை, கோபம், சண்டை, பிரிவினை எல்லாவற்றையும் சேர்க்கிறார். சபைக் குழுத் தேர்தல் நடக்கும் மாதங்களில் இந்தப் பட்டியலை வாசிப்பது நல்லது. அதிலே "வைராக்கியங்கள்" என்றொரு சொல்லும் வருகிறது. அந்த இடத்தில் அதற்குப் பொறாமை என்பதற்கு நெருங்கிய பொருள்தான். ஆனாலும் மனஉறுதிக்கு நாம் வழங்கும் அதே சொல் அங்கே கிடப்பது என்னை ஒவ்வொரு முறையும் சிறிது நிறுத்துகிறது.

பிலிப்பியர் 3இல் இன்னும் ஆச்சரியமான பட்டியல். மாம்சத்தின்மேல் நம்பிக்கை வைக்கத் தனக்கு என்னென்ன இருந்தது என்று பவுல் எண்ணுகிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தில் குற்றஞ்சாட்டப்படாதவன். ஒன்றுகூடக் கெட்ட காரியம் இல்லை. கொழும்பில் இதை இப்படி எழுதியிருப்பார்: நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவன், தாத்தா உபதேசியார், மிஷன் பாடசாலையில் படித்தவன், பாடகர் குழுவில் முதல் வரிசை. நல்ல காரியங்களும் சாய்ந்துகொள்ளும் சுவராக மாறினால் மாம்சமாகிவிடும்.

ஒரு மறுபார்வை: மனிதபலம் உண்மையானது, ஆனால் அது சேமிப்புக்கலம், மூலம் அல்ல. அதையே மூலமாகக் கொண்டு வாழ்வதற்கு மாம்சம் என்று பெயர். அது ஒழுக்கக்கேடாகவும் இருக்கலாம், ஒழுக்கமாகவும் இருக்கலாம்.

பழைய வழக்கு ஒன்று

இது இன்று நேற்றுத் தொடங்கிய விவாதம் அல்ல. நான்காம் நூற்றாண்டின் முடிவில் பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியு என்ற துறவி, அங்கே கிறிஸ்தவர்கள் அலட்சியமாக வாழ்வதைக் கண்டு வருந்தினார். தேவன் கட்டளை தந்திருக்கிறார், சித்தம் தந்திருக்கிறார். மனம் வைத்தால் செய்யலாம் என்று போதித்தார். "நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற ஜெபம் அவரை எரிச்சலூட்டியது. அந்த ஜெபத்தை எழுதியவர் வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன். நோய் பிடித்திருப்பது சித்தத்துக்கே; நோயாளியிடம் எழுந்து நட என்று சொன்னால் மட்டும் போதுமா என்பது அவருடைய வாதம். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. எனக்குப் பெலாகியுவின்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. அவர் வில்லன் அல்ல, நல்ல கண்டிப்பான ஆசிரியர். நம் ஞாயிறு பாடசாலைகளில் பாதி இன்றும் அவருடைய வகுப்பைத்தான் நடத்துகின்றன: நல்ல பிள்ளையாக இரு, பொய் சொல்லாதே, முயற்சி செய்.

அகுஸ்தீன் வலியுறுத்தியதற்குக் கிருபை என்று பெயர். கத்தோலிக்கர் அருள் என்பார்கள். கிருபை என்பது தகுதி பார்க்காமல் தேவன் தரும் தயவும், அந்தத் தயவோடு உள்ளே வந்து வேலை செய்யும் அவருடைய பலமும். விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் கை. கையே சாப்பாடு இல்லை. இதைச் சுற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் சபை பிளந்தது. 1999 ஒக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையொன்றில் கையெழுத்திட்டன; மனிதன் தன் சொந்தத் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்று சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்தர்களும் அதில் இணைந்தார்கள்.

மெதடிஸ்தர் என்றதும் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைச் சொல்லாமல் போகமுடியாது. ஒக்ஸ்போர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, மணிக்கணக்கு வைத்த ஜெபம் என்று வாழ்ந்தவர். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது வெஸ்லி சாவுக்கு அஞ்சி நடுங்கினார். கூட வந்த, மொராவியர் என்ற புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்கள் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தன. தன்னிடம் உள்ள ஒழுங்கு எல்லாம் அவர்களிடம் உள்ள ஒன்றுக்கு ஈடாகவில்லை என்று அங்கே புரிந்தது. மிஷன் தோல்வியில் முடிந்து ஊர் திரும்பினார். 1738 மே 24 மாலை, லண்டன் ஓல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். தன் இருதயம் வழக்கத்துக்கு மாறாக அனல்கொண்டது என்றும், இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்புவதை உணர்ந்தேன் என்றும் அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் ஓய்வெடுக்கவில்லை. 1791இல் இறக்கும்வரை குதிரையிலும் வண்டியிலும் அலைந்து பிரசங்கித்தார். அவர் தொடங்கிய இயக்கத்தின் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். 1816இல் புறக்கோட்டையில் அவர்கள் எழுப்பிய ஆலயம் இன்றும் நாட்டாமிகளின் சத்தத்துக்கு நடுவே நிற்கிறது.

அறைவாசியும் பிள்ளையும்

இனி இயங்குமுறைக்கு வருவோம். ஒப்படைத்தால் பழக்கம் எப்படி விடும்? நடுவில் என்ன நடக்கிறது?

வெள்ளவத்தையில் ஒரு வீடு. மேல்மாடி அறையில் மட்டக்களப்பிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன் வாடகைக்கு இருக்கிறான். கீழே வீட்டுக்காரரின் மகன், அதே வயது. இருவரும் ஒருநாள் குளியலறைக் குழாயை உடைத்துவிடுகிறார்கள். அறைவாசி என்ன செய்வான்? துணியைச் சுற்றி மறைப்பான். கட்டுப்பணம் போய்விடுமோ, அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து, சத்தமில்லாமல் தானே திருத்தப் பார்ப்பான். திருத்தத் தெரியாமல் இன்னும் உடைப்பான். மகன் என்ன செய்வான்? "அம்மா! தண்ணீர் கொட்டுகிறது!" என்று கத்துவான். ஏச்சு விழும். ஆனால் அன்றிரவு இடியப்பத் தட்டு மேசையில் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

சோதனையில் விழும் கிறிஸ்தவன் பெரும்பாலும் அறைவாசியைப் போல நடந்துகொள்கிறான். விழுகிறான், வெட்கப்படுகிறான், ஒளிந்துகொள்கிறான். ஆதியாகமம் 3இல் ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்ததும் இதுதான். ஒளிந்திருக்கும் இடத்தில் தனியாக ஒரு கடுமையான தீர்மானம் எடுக்கிறான். தீர்மானம் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. தீர்கிறது. மறுபடி விழுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் வெட்கம் தடிக்கிறது. தடித்த வெட்கத்தின் வலியை மறக்க அதே பழக்கத்திடமே போகிறான். பந்தயத்தில் இழந்த துக்கத்துக்கு மருந்தாக அடுத்த பந்தயம்.

இந்தச் சுற்றை எல்லாரும் தீர்மானம் என்ற இடத்தில் உடைக்கப் பார்க்கிறார்கள்: இன்னும் பெரிய சத்தியம், இன்னும் நீண்ட உபவாசம். விசுவாசம் உடைப்பது வெட்கம் என்ற இடத்தில். அதற்கான சட்டச் சொல் நீதிமானாக்கப்படுதல்: கிறிஸ்து செய்து முடித்ததன் பொருட்டுத் தேவன் ஒருவனைக் குற்றமற்றவன் என்று ஏற்றுக்கொள்வது. உலக நீதிமன்றத்தில் விசாரணை முடிந்து தீர்ப்பு வரும். இங்கே தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது; "ஆக்கினைத்தீர்ப்பில்லை", அதாவது தண்டனைத் தீர்ப்பு இல்லை, என்று ரோமர் 8 தொடங்குகிறது. அதே அதிகாரம் கொஞ்சம் கீழே, நீங்கள் பயப்படுகிற அடிமையின் ஆவியைப் பெறவில்லை, "அப்பா, பிதாவே" என்று கூப்பிடப் பண்ணும் ஆவியைப் பெற்றீர்கள் என்கிறது. அறைவாசி பிள்ளையாகிவிட்டான். இனி உடைந்ததை மறைக்கத் தேவையில்லை. மறைக்காதபோது உதவி வந்து சேரும் வழி திறக்கிறது: ஜெபத்தில் உண்மை பேசலாம், ஒரு நண்பனிடம் சொல்லலாம், போதகரிடமோ குருவானவரிடமோ அறிக்கையிடலாம், நற்கருணைக்குத் தலைகுனியாமல் போகலாம்.

அதன்பின் மெதுவாக நடக்கும் வேலைக்குப் பெயர் பரிசுத்தமாக்கப்படுதல்: ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளையின் விருப்பங்களையே பரிசுத்த ஆவியானவர் மாற்றிக்கொண்டு போவது. இது மெதுவானது. மிக மெதுவானது. இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால், அதாவது முதலில் மாறு, பிறகு ஏற்றுக்கொள்ளப்படுவாய் என்றால், மறுபடி பெலாகியுவின் வகுப்பறைதான்.

சுருக்கினால்: விசுவாசம் சோதனையின் இழுப்பை உடனே நிறுத்துவதில்லை. விழுந்தவனை ஒளிவிடத்திலிருந்து வெளியே கொண்டுவருகிறது. ஒளிவிடத்தில் மட்டுமே வளரக்கூடிய பழக்கம் அங்கே பட்டினி கிடக்கத் தொடங்குகிறது.

அப்படியானால் சும்மா இருப்பதா?

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டாமவரை இன்னும் கவனிக்கவில்லை. அவருக்குத் தாவீதின் கதை. சவுல் ராஜாவின் கவசத்தைப் போட்டுப் பார்த்து, நடக்க முடியாமல் கழற்றிவைத்தான் தாவீது. யுத்தம் கர்த்தருடையது என்று நம்பினான். அதோடு நிறுத்தவில்லை. ஆற்றில் இறங்கி வழுவழுப்பான ஐந்து கல்லைத் தேடி எடுத்தான். கவணைக் கையில் பிடித்தான். ராட்சதன் கோலியாத்தை நோக்கி ஓடினான். சவுலின் கவசம் சாய்ந்துகொள்ளும் சுவர். கவண் ஒப்படைத்தவனின் கையில் இருக்கும் கருவி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஆயுதம். உள்ளே பாரம் எங்கே இருக்கிறது என்பதில் வித்தியாசம்.

பிலிப்பியர் 2 இதை இரண்டு வசனங்களில் சொல்லிவிடுகிறது. உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறது ஒன்று. ஏனெனில் தேவனே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறார் என்கிறது அடுத்தது. "ஆனாலும்" என்று இருக்கும் என எதிர்பார்த்த இடத்தில் "ஏனெனில்" இருக்கிறது. முகத்துவாரத்து மீனவரிடம் கேட்டால் பாய்மரக் காலத்துக் கதை சொல்வார்: பாய் விரிப்பது கைத்தோலை உரிக்கும் வேலை; ஆனால் படகைக் கரைசேர்த்தது தன் கை என்று எந்தக் கிழவரும் சொன்னதில்லை.

எபேசியர் 6இல் வரும் சர்வாயுதவர்க்கத்தையும், அதாவது போர்வீரனின் முழு ஆயுதத் தொகுதியையும், இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். பிரசங்கங்களில் அது வீராவேசமாக ஒலிக்கும். ஆனால் தொடக்க வரியே "கர்த்தரிலும் அவருடைய சத்துவத்தின் வல்லமையிலும் பலப்படுங்கள்" என்பதுதான், பலம் இரவல். அந்த மார்க்கவசத்தையும் தலைச்சீராவையும் ஏசாயா 59இல் தேவனே அணிந்து நிற்கிறார். பிள்ளைக்குத் தகப்பனின் உடுப்பு. விசுவாசத்தைப் பவுல் கேடகம் என்கிறார். மூல கிரேக்கச் சொல் கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது; ஆளை மறைக்கும் அளவு பெரிய கேடகம். அதன் பின்னால் ஒடுங்கி நிற்பது கோழைத்தனம் அல்ல, அதுதான் அதைப் பயன்படுத்தும் முறை. அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் வினை "நில்லுங்கள்". எழுதியவரோ சங்கிலியில் கட்டுண்டிருந்தார்.

"உனக்கு விசுவாசம் போதாது"

கடைசியாக அந்த நண்பனின் தீர்ப்பு. இதைப்பற்றி எனக்குக் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. நோயாளியிடமும், பிள்ளையை இழந்த தாயிடமும், மனஅழுத்தத்தில் படுத்திருப்பவனிடமும் இந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். 2019 ஏப்ரல் 21, குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போனவர்கள் விசுவாசம் இல்லாமலா போனார்கள்? விசுவாசத்தை ஒரு தசையாக நினைத்தால், விழுந்தவனெல்லாம் தசை மெலிந்தவன் என்ற முடிவுக்குத்தான் வரமுடியும். தொடக்கத்திலேயே பிழை.

பவுல் தன் உடலில் முள் என்று சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்றுமுறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே வந்த பதில். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று அவரே மருந்து சொன்னார். துரோப்பீமு என்ற தோழனை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாக விட்டுவிட்டு வந்தார். கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தைக் காட்டு என்று யாராவது சொன்னால், அவர் வேதாகமத்தை விடப் பக்திமானாக இருக்கப் பார்க்கிறார். நீரிழிவு மாத்திரை, மனநல வைத்தியர், போதைமீட்பு நிலையம் எல்லாம் கவண்கல் வகை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளர் சங்கத்தின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் நாங்கள் பலமற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. பலமற்றவர்கள் என்று சொன்னவர்கள் அடுத்து ஒரு நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள், கூட்டத்துக்கு நடந்து போனார்கள்.

அந்தப் பையனை மறுபடி பிடித்து, இதில் பாதியைச் சொன்னேன். நாட்டாமியைக் கேட்டுச் சிரித்தான். அறைவாசியைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அவனும் ஒரு வாடகை அறையில்தான் இருக்கிறான். பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோது செய்த ஜெபம், "ஆண்டவரே, என்னை இரட்சியும்", மொத்தம் மூன்று சொல் என்று காட்டினேன். சம்பள அட்டையை அக்காவிடம் கொடுத்துவைப்பது விசுவாசக் குறைவாகுமா என்று கேட்டான். ஆகாது என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு மறுபடி விழுந்துவிட்டான். எங்கேயோ கடன் வாங்கி, ஐயாயிரம் ரூபா. முன்பெல்லாம் விழுந்தால் ஒரு மாதம் ஆலயப் பக்கம் தலைகாட்டமாட்டான், தொலைபேசியையும் எடுக்கமாட்டான். மறுநாள் காலை ஏழரை ஆராதனைக்கு நான் போனபோது, பின்வரிசையில் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்து, "சேர், நேற்று இரவு உடைத்துவிட்டேன்" என்றான்.